ஒளி மிகுந்த படத்தைச் சிறு கோப்பில் அடக்கும் முறை

மலைக்கோட்டையில் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த லலிதாங்குரக் குகைக்குள் நின்று நண்பகலில் வெளியே நோக்கினால், நிழலிலுள்ள தூணின் எழுத்தும் வெயிலில் காயும் ஊரும் நம் கண்ணுக்கு ஒருங்கே புலப்படும். காமிராவுக்கு அது எளிதன்று. தூணைத் தெளிவாக்கினால் வானம் வெளுத்துவிடும். வானத்தைக் காத்தால் தூண் கரியாகும். 1858-இல் திருச்சியைப் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி இத்தொல்லையை நன்கறிந்தவர். வெறும் வெள்ளையாய் விழும் வானத்தில், நெகட்டிவ் மீதே தூரிகையால் மேகம் தீட்டிச் சேர்ப்பதும் அவர் கையாண்ட வழி. அழகான வேலைதான், ஆனால் அவை அன்று வானில் இருந்த மேகங்கள் அல்ல.

இக்காலக் கருவிகள் ஒரே காட்சியைக் குறைந்த ஒளியிலும் மிகுந்த ஒளியிலுமாகப் பலமுறை எடுத்து ஒன்றாக இணைக்கின்றன. இவ்வாறு கிடைப்பதே ஹெச்.டி.ஆர். படம். நெசவாளருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். உறையூர்ச் சேலையொன்றை வாசல் வெயிலில் விரித்துப் படமெடுத்துப் பாருங்கள். சரிகை சுடர்விடும், கறுப்புக் கரையோ நிழலில் ஆழ்ந்திருக்கும். தொலைவிலுள்ளவர் படத்தை நம்பியே பணம் அனுப்புகிறார். அரக்கு நிறம் ரோஜாவாகத் தெரிந்தால் சேலை திரும்பி வரும். தபால் செலவு நெய்தவர் தலையில் விழும்.

ஹெச்.டி.ஆர். படத்தை ரேடியன்ஸ், ஓப்பன் இ.எக்ஸ்.ஆர். போன்ற கோப்புகளில் சேமிப்பர். இவை ஒளியின் அளவை ஏறக்குறைய உள்ளவாறே எண்ணாகக் காக்கும். ஆனால் வாங்குவோர் பலரின் கைப்பேசி இவற்றைத் திறவாது. எங்கும் திறப்பது 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக். வழக்கமான ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகளே உண்டு. மரக்கால் நெல்லை உழக்கில் கொட்டினாற்போல், மிகுந்தது சிந்திப்போகும்.

ஓர் உதாரணம் காண்போம். கரையின் ஒளி 0.01, துணியின் உடல் 1, சரிகை 9, சரிகையின் மினுக்கம் 99 எனக் கொள்வோம். 1-க்கு மேற்பட்டதையெல்லாம் வெட்டிவிட்டால் உடலும் சரிகையும் மினுக்கமும் மூன்றுமே 255 ஆகி வெள்ளைத் திட்டாகிவிடும். ஆகவே வெட்டாமல் சுருக்கவேண்டும். 2002-இல் ரைன்ஹார்டு முதலியோர் வெளியிட்ட முறையின் எளிய வடிவம் இது: ஒளியின் அளவை, அதனுடன் ஒன்று கூட்டிய தொகையால் வகுத்தல். 1 என்பது 0.5 ஆகும், 9 என்பது 0.9, 99 என்பது 0.99. கரையின் 0.01 ஏறத்தாழ அப்படியே நிற்கும். உரத்த ஒளியே அடங்குகிறது. மெல்லிய ஒளிக்குக் குறைவில்லை.

இத்துடன் நிறுத்திவிடுவோர் பலர். 0.01-ஐ நேரே 255-ஆல் பெருக்கினால் 3-ஆம் படிதான் கிடைக்கும்; கரையின் இழைகள் தெரியா. நிழலை நுணுகிக் காணும் நம் கண்ணுக்கு ஏற்ப, காமா என்னும் திருத்தத்தையும் செய்யவேண்டும். வழக்கமான 2.2 காமாவில் அதே 0.01 ஏறக்குறைய 31-ஆம் படிக்கு ஏறும். சரிகை 243, மினுக்கம் 254 என நிற்கும்.

வண்ணத்தில் இன்னொரு கண்ணி உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சுருக்கினால் மிகுந்த வண்ணம் அதிகமாய்த் தணிந்து, அரக்கு வெளிறும். மொத்த ஒளியைமட்டும் சுருக்கி, மூன்றின் விகிதத்தை மாற்றாதிருப்பதே துணிப் படத்துக்கு ஏற்றது. லூமினன்ஸ் ஹெச்.டி.ஆர். என்னும் இலவச மென்பொருளில் ரைன்ஹார்டு முறை உள்ளது. கணக்கை அதுவே போட்டுவிடும். அதிலுள்ள வேறு சில முறைகள் இடத்துக்கு இடம் ஒளியை மாற்றுவன. அவற்றை மிகையாகக் கையாண்டால் மலைக்கோட்டையைச் சுற்றி ஒளிவட்டம் கட்டினாற்போல் இருக்கும். வாழ்த்து அட்டைக்கு அது பொருந்தலாம். சேலைக்கு நாம் பரிந்துரையோம்.

ஜேபெக் ஆக்கியபின் பகல் வெளிச்சத்தில் சேலையைத் திரைக்கு அருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூலக் கோப்பை அழிக்கவேண்டாம். ஜேபெக்கில் இழந்த படிகளை மீட்க இயலாது. விற்பனை முடியும்வரை சேலையின் எண்ணையே பெயராக இட்டு இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருப்பது நலம்.