வயிறு நிறைந்தால் போதுமா?



"என் பிள்ளை மூணு வேளையும் வயிறு முட்டச் சாப்பிடுறான். அவனுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்கும் பெற்றோர் நம் தோட்டங்களில் பலர். பசி என்றால் வயிறு காய்வதுதான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வயிறு நிறைந்திருக்கும்போதே உடம்பு பட்டினி கிடப்பதும் உண்டு. இரும்புச்சத்து, ஏ விட்டமின், துத்தநாகம் போன்ற சத்துகள் மிகச் சிறிய அளவில்தான் உடம்புக்குத் தேவை. அந்தச் சிறிதளவும் கிடைக்காவிட்டால் இரத்தம் குறையும், கண் மங்கும், வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாக முடியும். இதைத்தான் 'மறைந்திருக்கும் பசி' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இது ஏழைகளையே அதிகம் தாக்குகிறது. கையில் காசு குறைந்தால் முதலில் நிற்பது மீன், முட்டை, பழம். நிற்காதது சோறு. ஆகவே, அன்றாடம் உண்ணும் சோற்றிலும் கிழங்கிலும் என்ன சத்து இருக்கிறது என்பது ஏழைக்கு மிக முக்கியம்.

அரிசி சொன்ன பாடம்

இதற்குச் சாட்சி நம் மலாயா மண்ணிலேயே உண்டு. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. கால் மரத்துப் போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். மாண்டவர்களில் பெரும்பாலோர் மிஷினில் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது.

நெகிரி செம்பிலானில் வேலை செய்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிபெரி வந்தது வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கே. முடிவு 1909-இல் வெளிவந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 விட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அன்று அரிசியைப் பக்குவம் செய்த முறை நம்மைக் காப்பாற்றியது. இப்போது விஞ்ஞானிகள் ஒரு படி மேலே போய், பயிரையே சத்துள்ளதாக வளர்த்திருக்கிறார்கள்.

வெள்ளைக் கிழங்கும் ஆரஞ்சுக் கிழங்கும்

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஏழைகளின் முக்கிய உணவு. அங்கே வழக்கமாகப் பயிரிட்ட கிழங்கு உள்ளே வெள்ளையாக இருக்கும். பசி தீரும், ஆனால் உடம்பில் ஏ விட்டமினாக மாறும் 'பீட்டா கரோட்டின்' அதில் இல்லை என்றே சொல்லலாம். அந்தச் சத்து இல்லாத பிள்ளைக்கு முதலில் மாலைக்கண் வரும். ஏ விட்டமின் குறைவால் உலகில் ஆண்டுக்கு 250,000 முதல் 500,000 பிள்ளைகள் பார்வை இழந்ததாகவும், அவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருந்தது.

ஆரஞ்சு நிறக் கிழங்கில் இந்தச் சத்து நிறைய உண்டு. ஆனால் வெளியிலிருந்து வந்த அந்த ரகங்கள் ஆப்பிரிக்க வறட்சியைத் தாங்கவில்லை. தண்ணீர்ப் பதமாகவும் இருந்தன. மாவு மாவாகச் சாப்பிட்டுப் பழகிய மக்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே மொசாம்பிக்கில் மரியா அந்திராடேயும், உகாண்டாவில் ராபர்ட் முவாங்காவும் உள்ளூர் ரகங்களையும் ஆரஞ்சு ரகங்களையும் கலந்து, நல்லவற்றைப் பொறுக்கியெடுத்து, பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 2011-இல் மொசாம்பிக்கில் வறட்சி தாங்கும் 15 ஆரஞ்சு ரகங்கள் வெளிவந்தன. ஜேன் லோ என்ற அம்மையார் அந்தக் கிழங்கைத் தாய்மார்களிடம் கொண்டு சேர்க்கும் வேலையில் முன்நின்றார். இம்மூவருக்கும், மற்றப் பயிர்களிலும் இதே முயற்சியை நடத்திய ஹோவர்த் பூயிஸ் என்பவருக்கும் 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பலன் உண்டா? தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு அவித்த ஆரஞ்சுக் கிழங்கும், மறு பிரிவுக்கு வெள்ளைக் கிழங்கும் தினம் 125 கிராம் வீதம் 53 பள்ளி நாள்கள் கொடுத்தார்கள். ஆரஞ்சுக் கிழங்கு சாப்பிட்ட பிள்ளைகளின் உடம்பில் ஏ விட்டமின் இருப்பு உயர்ந்தது. இது 2005-இல் வெளியான ஆய்வு.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டு மார்டி ஆராய்ச்சி நிலையமும் 'விட்டாத்தோ' என்ற ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. மார்க்கெட்டில் 'கெலெடெக் ஓரென்' என்று கேளுங்கள். வாங்கும்போது உள் நிறத்தைப் பாருங்கள். ஊதாக் கிழங்கின் நிறம் வேறு பொருளால் வருவது. அது இதற்கு ஈடாகாது.

வீட்டோரம் கொஞ்சம் மண் இருந்தால் கொடியை வெட்டி நடலாம். விதை வாங்க வேண்டியதில்லை; ஒரு வீட்டில் படர்ந்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். களைக்கொல்லி மருந்து அடிக்கும் இடத்தில் மட்டும் நடாதீர்கள்.

அவித்த கிழங்கோடு கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்துக் கொடுங்கள். கொழுப்பு இருந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் சேரும். முருங்கைக் கீரையிலும் மஞ்சள் பூசணியிலும் இதே சத்து உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சோற்றைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கொஞ்சம் சாப்பிடலாம். சோற்றுக்கு மேல் வேண்டாம்.

பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறினாலோ, வெள்ளை விழியில் நுரை போன்ற புள்ளி தெரிந்தாலோ உடனே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். ஏ விட்டமின் மாத்திரையை நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் கெடுதல். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் பெரும் ஆபத்து.

கடைசியாக ஒன்று. ஆரஞ்சுக் கிழங்கு மாலைக்கண்ணைத் தடுக்கும். முட்டை, மீன், பருப்பு தரும் எல்லாச் சத்தையும் அது தராது. அவற்றையும் வாங்குவதற்குத் தக்க கூலி வேண்டும். கூலி உயர்வு கேட்கும்போது நாம் பிள்ளைகளின் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் சேர்த்தே கேட்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.