ரிப்பேர் நோட்டு - சினிமா தியேட்டரை வைத்து ஒரு பாடம்



நம் குழுக்களில் தீர்மான நோட்டு இருக்கிறது. ரொக்கப் புத்தகம் இருக்கிறது. சேமிப்பு, கடன் பேரேடு இருக்கிறது. போன மாதம் சந்தா கட்டாதவர் யார் என்று கேட்டால் ஊக்குநர் பக்கத்தைப் புரட்டி உடனே காட்டிவிடுவார். ஆனால், "நம்ம மாவு மெஷின் கடைசியா எப்போ நின்னுச்சு? யாரு வந்து பார்த்தாங்க? என்ன மாத்துனாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும். ஒருவர் பொங்கலுக்கு முன்னாடி என்பார். இன்னொருவர் இல்லை, ஆடி மாசம் என்பார். மெக்கானிக் பேர் யாருக்கும் நினைவிருக்காது. கொடுத்த பணம் மட்டும் ரொக்கப் புத்தகத்தில் "மெஷின் செலவு" என்று ஒரே வரியில் இருக்கும்.

நம்மிடம் இல்லாத அந்த நோட்டைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம். அதைச் சினிமா தியேட்டரை வைத்துப் படிப்போம்.

தியேட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எந்தப் பக்கம் போனாலும் தியேட்டர் உண்டு. பண்டிகைக்குப் பிள்ளைகளோடு போகிறோம். நம் உறுப்பினர்களில் சிலர் அங்கே துப்புரவு வேலைக்கும் போகிறார்கள். நாம் பார்ப்பது திரையை மட்டும்தான். ஆனால் தியேட்டர் என்பது மெஷின்கள் நிறைந்த ஒரு கட்டடம். புரொஜக்டர், சவுண்டு சிஸ்டம், ஏ.சி., ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், லிப்ட், இருட்டில் வழி காட்டும் சின்ன விளக்குகள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். உள்ளே நூற்றுக்கணக்கான பேர், கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு மெஷின் கெட்டால் படம் நிற்பதோடு போகாது.

நல்ல தியேட்டரில் என்ன செய்கிறார்கள்? ஆபரேட்டர் அறையில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு ஆட்டமும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, நடுவில் என்ன தடங்கல் என்று எழுதுவார்கள். புரொஜக்டருக்குள் இருக்கும் விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதையும் குறிப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்காலத்தில் கார்பன் குச்சி வைத்து எரித்தார்கள். பிறகு செனான் விளக்கு வந்தது. இப்போது பல இடங்களில் லேசர் வந்துவிட்டது. செனான் விளக்குக்குள் வாயுவை அதிக அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். அணைத்து ஆறிய பிறகும் முகக்கவசம், கையுறை போட்டுத்தான் அதைக் கழற்ற வேண்டும். இத்தனை மணி நேரம்தான் எரியலாம் என்று கம்பெனி ஒரு கணக்குக் கொடுக்கும். அதைத் தாண்டி ஓட்டினால் வெளிச்சம் மங்கும். சில சமயம் வெடிக்கும். வெடித்தால் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த கண்ணாடியும் சேர்ந்து போகும். அதனால்தான் "நல்லாத்தானே எரியுது, ஓடட்டும்" என்று விடாமல் மணிக்கணக்கைப் பார்த்து மாற்றுகிறார்கள். கெட்ட பிறகு பார்ப்பது ரிப்பேர். கெடுவதற்கு முன்னால் பார்ப்பது பராமரிப்பு. இரண்டுக்கும் நோட்டு வேண்டும்.

ஒரே கம்பெனிக்குப் பல ஊரில் தியேட்டர் இருந்தால் இன்னொரு வேலை சேர்கிறது. எல்லா ஊர் புகாரும் தலைமை அலுவலகத்தில் ஒரே பதிவேட்டுக்கு வரும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர் உண்டு. இப்போது கம்ப்யூட்டரில் பதிகிறார்கள், ஆனால் முறை பழைய முறைதான். இதனால் என்ன லாபம்? உதாரணத்துக்கு, மூன்று ஊரில் ஒரே கம்பெனி பேட்டரி ஊதிப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி நோட்டில் இருந்தால் அது மூன்று சின்ன ரிப்பேர். ஒரே பதிவேட்டில் பார்த்தால், நாலாவது ஊரில் இன்னும் ஊதாத பேட்டரியையும் இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று புரியும். கம்பெனிக்காரரிடம் வாரண்டி கேட்கவும் வாய் வரும். ஊராட்சி அளவிலான குழு கூட்டமைப்பு வைத்திருக்கும் நமக்கு இது நன்றாகவே பொருந்தும். ஐந்து குழு ஒரே கடையில் கிரைண்டர் வாங்கியிருந்தால், ஐந்து குழுவின் ரிப்பேரும் கூட்டமைப்புக்குத் தெரிய வேண்டும்.

இனி ஒரு உண்மைச் சம்பவம். படிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் படியுங்கள்.

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. டெல்லி கிரீன் பார்க் பகுதியில் உபஹார் என்ற தியேட்டர். ‘பார்டர்’ என்ற இந்திப் படம் வெளியான நாள் அது. தியேட்டர் கட்டடத்தின் தரைத்தளத்தில் டெல்லி மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. காலை 7 மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதில் தீப்பிடித்தது. அணைத்துவிட்டார்கள். மின்வாரிய ஆட்கள் வந்து ரிப்பேர் பார்த்தார்கள். பதினொன்றரை மணி வாக்கில் கரண்ட் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பகல் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

காலையில் நடந்த ரிப்பேர் எப்படிப்பட்டது என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. கேபிள் முனையில் மாட்டும் அலுமினிய சாக்கெட்டை அழுத்திப் பிடிக்க வைப்பதற்கென்றே ஒரு மெஷின் உண்டு. அந்த மெஷின் இல்லாமல் சுத்தியலால் தட்டி மாட்டியிருந்தார்கள். இணைப்பு லூசாக நின்றது. மாலையில் ஒரு மணி நேரம் கரண்ட் கட். 5 மணிக்குச் சற்று முன் கரண்ட் திரும்பி வந்ததும் அந்த இடத்தில் தீப்பொறி பறந்தது. கேபிள் கழன்று டிரான்ஸ்பார்மரின் தகட்டில் பட்டு ஓட்டை போட்டது. எண்ணெய் கசிந்து தீப்பிடித்தது. பக்கத்தில் நிறுத்தியிருந்த கார்களும் எரிந்தன. புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறி பால்கனிக்குள் புகுந்தது. பால்கனியில் நடக்கும் வழியை அடைத்துக் கூடுதல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வெளியே வர முடியவில்லை. 59 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம். இறந்தவர்கள் மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள்.

அதே தியேட்டரில் 1989-லும் டிரான்ஸ்பார்மர் பக்கம் தீப்பிடித்திருக்கிறது. 8 வருஷத்துக்கு முன் ஒரு தடவை, அன்று காலை ஒரு தடவை. இரண்டு எச்சரிக்கை வந்தும், "இது தற்காலிக ரிப்பேர், சரியான மெஷின் கொண்டுவந்து திரும்பச் செய்யும் வரை ஆட்டம் வேண்டாம்" என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறைப்பது இதுதான். கரண்ட் வந்துவிட்டதையே ரிப்பேர் முடிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். நாமும் அப்படித்தான். மெஷின் ஓட ஆரம்பித்ததும் மெக்கானிக்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

வழக்கு பல வருஷம் நடந்தது. நீலம் கிருஷ்ணமூர்த்தி என்ற தாய் அந்தத் தீயில் தன் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். அவரும் அவர் கணவரும் மற்ற குடும்பங்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்துக் கோர்ட்டில் போராடினார்கள். 2007-ல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களில் உரிமையாளர்கள் மட்டும் இல்லை. மேலாளர்கள், மின்வாரிய ஊழியர்கள், ஒரு கேட்கீப்பர் வரைக்கும் இருந்தார்கள். சிலர் மேல்முறையீட்டில் விடுதலை ஆனார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கோர்ட்டில் இருந்த வழக்கு ஆவணங்களில் சில கிழிக்கப்பட்டும் காணாமலும் போயின. அந்த டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் சம்பந்தமான தீயணைப்புத் துறைப் பதிவும் அவற்றில் ஒன்று. ஆவணத்தைச் சிதைத்த குற்றத்துக்காக 2021 நவம்பரில் உரிமையாளர்களுக்கு 7 வருஷத் தண்டனை கிடைத்தது. 2022-ல் மேல்முறையீட்டில் அது சிறையில் இருந்த நாட்களோடு குறைக்கப்பட்டது. "ஒரு காகிதத்துல என்ன இருக்கு, வாயால சொன்னா போதாதா" என்று கேட்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லாத காகிதத்தை யாராவது மெனக்கெட்டுக் கிழிப்பார்களா?

நம் மாநிலத்தில் 1955-ம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957 விதிகளும் உண்டு. மாவட்டத்தில் உரிமம் கொடுப்பவர் ஆட்சியர். மின் இணைப்பு, கட்டடம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். ஆய்வுக்கு வருபவர் வருஷத்தில் சில நாள்தான் வருவார். மீதி நாளெல்லாம் அங்கே இருப்பவர்கள் ஆபரேட்டரும், கேட்கீப்பரும், துப்புரவு செய்யும் பெண்களும்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழுதை முதலில் பார்ப்பது அந்தப் பெண்கள்தான். கூரை ஒழுகுவதும், அவசரக் கதவு இறுகிப்போய் திறக்காததும், பிளக்கில் பொறி பறப்பதும் பெருக்கப் போகிறவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். தியேட்டரில் வேலை செய்யும் ஒரு உறுப்பினர் என்னிடம் சொன்னார்: "நான் சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன் மேடம். அவரு யார்கிட்டயோ சொன்னாராம். பதினைஞ்சு நாளா அந்த வழி விளக்கு எரியல." யாரிடம், எந்தத் தேதியில் சொன்னார் என்பதற்கு ஒரு வரி ஆதாரமும் அவரிடம் கிடையாது. நாளைக்கு ஒன்று நடந்தால் "யாரும் சொல்லலையே" என்பார்கள். பெரிய பதவியில் இருப்பவருக்கு வக்கீல் இருப்பார். சின்ன வேலை பார்ப்பவருக்குத் துணை அந்த ஒரு வரிதான். எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் போட வேண்டும்.

எப்படி எழுதுவது? "சவுண்டு சரியில்லை" என்று எழுதினால் வருபவருக்கு ஒன்றும் புரியாது. "வலது பக்கம் பின்வரிசை ஸ்பீக்கர், மாலை ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு கரகரவென்றது, காலை ஆட்டத்தில் இல்லை" என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. நம் மெஷினுக்கும் இதே மாதிரிதான். "கிரைண்டர் ரிப்பேர்" என்று போடாதீர்கள். "மூன்றாம் நம்பர் கிரைண்டர், அரை மணி ஓடியதும் மோட்டார் சூடாகிறது, ரப்பர் வாடை வருகிறது" என்று எழுதுங்கள். மூன்றாம் நம்பர் என்று எழுத வேண்டுமானால் முதலில் மெஷின் மேல் பெயிண்டால் நம்பர் போட வேண்டும் அல்லவா? அதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

அதே வரியில் யாரிடம் சொன்னோம், அவர் எந்தத் தேதியில் வந்தார், என்ன மாற்றினார், எவ்வளவு ஆனது என்பதையும் எழுத வேண்டும். பில்லை வவுச்சரோடு சேர்த்து வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைசிக் கட்டம்தான் முக்கியம். "சரியாகிவிட்டது" என்று மெக்கானிக் கையெழுத்துப் போடக் கூடாது. புகார் சொன்னவரே ஓட்டிப் பார்த்து, அடுத்த நாளும் பார்த்து, அவர்தான் போட வேண்டும். மெக்கானிக் "இப்போதைக்கு ஓட்டுங்க, சாமான் வந்ததும் மாத்தித் தரேன்" என்று சொன்னால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்றும் போடுங்கள். சிவப்பு மையில் இருப்பது எதுவும் முடிந்த கணக்கு ஆகாது.

எல்லாப் புகாரும் ஒரே அவசரம் இல்லை. தியேட்டரில் நாற்காலி கிழிந்தால் அடுத்த வாரம் தைக்கலாம். வெளியேறும் வழி விளக்கு எரியாவிட்டால் அன்றே பார்க்க வேண்டும். மாவு மெஷினில் சல்லடை ஓட்டை ஆவது நாற்காலி மாதிரி. பெல்ட்டை மூடும் கூண்டு கழன்று கிடப்பது வழி விளக்கு மாதிரி. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் பெல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கூண்டு இல்லாமல் ஒரு படி கூட அரைக்கக் கூடாது. பீஸ் கட்டையில் பீஸ் போனால் கையில் கிடைத்த தடிமனான கம்பியைச் சுற்றுவது, எர்த் இல்லாமல் ஓட்டுவது, இதெல்லாம் அந்தச் சுத்தியல் ரிப்பேர் வகைதான்.

"வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டுடறோமே, போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் சேர்ந்து அது மேலே போய்விடும். மூன்று மாதம் கழித்து யார் தேடி எடுப்பது? போட்டோ குரூப்பில் இருக்கட்டும், வரி நோட்டில் இருக்கட்டும்.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது. ஒரு உதாரணம் பாருங்கள். ஒரு மோட்டாருக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பேரிங், தடவைக்கு 600 ரூபாய். கண்டன்சர் 250. காயில் கட்ட 2,800. கூட்டினால் 4,250. தனித்தனியாகக் கொடுத்தபோது யாருக்கும் தெரியவில்லை. ஒரே பக்கத்தில் பார்த்தால், "இதுக்குப் புது மோட்டாரே போட்டிருக்கலாமே" என்று கேட்கத் தோன்றும். அதைவிட, பேரிங் ஏன் இரண்டு தடவை போனது என்று கேட்கத் தோன்றும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம், மோட்டார் சாய்ந்து நிற்கலாம். காரணத்தைச் சரி செய்யாமல் மூன்றாவது பேரிங் வாங்கிப் பயன் இல்லை.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

உங்கள் குழுவில் எத்தனை மெஷின், அதில் எத்தனைக்கு நம்பர் இருக்கிறது? கடைசியாக வந்த மெக்கானிக் என்ன செய்தார் என்று இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள், பதில் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். "இப்போதைக்கு ஓட்டுங்க" என்று சொல்லி விட்டுப்போன வேலை ஏதாவது நிற்கிறதா? இருந்தால் நோட்டின் முதல் வரியாகச் சிவப்பு மையில் அதையே எழுதுங்கள். நோட்டை யார் வைத்திருப்பது என்பதைத் தீர்மானமாகப் போடுங்கள். ஊக்குநருக்கு ஏற்கெனவே வேலை அதிகம், அதனால் மெஷினைத் தினமும் ஓட்டும் உறுப்பினரே வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதி அந்த நோட்டையும் கையோடு கொண்டு வரவும்.