தற்காலிகக் கோப்பு எங்கே தங்குகிறது?

கணிப்பொறியில் பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்கிறீர்கள். சேமிக்கவில்லை. திடீரென மின்சாரம் நின்றுவிடுகிறது. பின்னர் கணிப்பொறியை இயக்கிக் கட்டுரையைத் தேடினால், ஒன்பது பக்கம் திரையில் தோன்றுகிறது! சேமிக்காத எழுத்து எவ்வாறு பிழைத்தது?

தட்டிய எழுத்து முதலில் செல்லுமிடம் நினைவகம். அங்கே ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கியும் அதற்குக் காவலாக ஒரு டிரான்சிஸ்டரும் உண்டு. 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் கண்ட அமைப்பு இது. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0. ஆனால் இது ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், ஒவ்வொரு பிட்டையும் படித்து மீண்டும் நிரப்ப வேண்டியிருக்கிறது. மின்சாரம் நின்றால் நிரப்புவாரில்லை, எழுத்தும் போயிற்று.

வன்தட்டில் கதை வேறு. அங்கே பிட் என்பது ஒரு நுண்பகுதியின் காந்தத் திசை. அதைக் காக்க மின்சாரம் தேவையில்லை. எனவே எழுதுவதற்கான நிரல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை உங்கள் கட்டுரையின் படி ஒன்றை வன்தட்டில் எழுதி வைக்கிறது. இதுவே தற்காலிகக் கோப்பு. (அச்சுப்பொறியின் மெதுவான வேகத்துக்காகக் காத்திருக்கும் பக்கங்களும் இப்படித்தான் வன்தட்டில் தங்குகின்றன.) வேலை முடிந்ததும் நிரலே அதை நீக்கிவிடும். மின்சாரம் நின்றபோது நீக்க அவகாசமில்லை. கட்டுரை பிழைத்தது அதனால்தான்.

‘தற்காலிகம்’ என்பது நிரலின் எண்ணம் மட்டுமே. காந்தத்துக்கு அது தெரியாது. இன்னும் கேளுங்கள். வன்தட்டில் கோப்பை நீக்குவது என்பது, நூலகத்தில் பட்டியல் அட்டையை மட்டும் கிழித்தெறிவது போன்றது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். அந்த இடத்தில் வேறொரு புத்தகத்தை வைக்கும்வரை, தேடத் தெரிந்தவர் எடுத்துப் படிக்கலாம். மீட்பு நிரல்கள் செய்வது இதைத்தான். வன்தட்டுக்குப் பதில் மின்னணுச் சில்லுகள் கொண்ட சேமிப்பகங்களில் நீக்கிய இடம் பெரும்பாலும் விரைவில் துடைக்கப்படுவதால் மீட்பது கடினம். ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது.

கணிப்பொறி மையத்தில் மதிப்பெண் பட்டியலையோ ஆதார் அட்டையையோ அச்செடுக்கும்போது இதை எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்து பார்த்தாலே ஒரு படி அங்கே தங்கிவிடக்கூடும். உலாவியில் தனிச் சாளரத்தைத் திறந்து பயன்படுத்தினால், மூடும்போது உலாவிய தடங்கள் நீங்கும். நீங்கள் பதிவிறக்கிய கோப்போ அப்படியே இருக்கும். அதை நீங்களே நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ விண்டோஸ் கணிப்பொறி இருந்தால், ஆசிரியர் துணையோடு ‘டெம்ப்’ என்னும் கோப்புறையைத் திறந்து, அங்குள்ள கோப்புகளின் தேதிகளைப் பாருங்கள். எதையும் நீக்க வேண்டாம். மிகப் பழைய ‘தற்காலிகக்’ கோப்புக்கு எத்தனை மாத வயது?