வீவக வீட்டில் தொழில்: எந்தத் திட்டம் யாருக்கு?

சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே தொழில் செய்ய நினைப்பவருக்கு இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முறுக்கு, கேக் செய்து விற்பது, தையல், முடி வெட்டுவது, துணைப்பாடம் எடுப்பது போன்றவை வீட்டுத் தொழில் திட்டத்தில் அடங்கும். இவற்றுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமோ (வீவக) நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமோ முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கணக்கு, வடிவமைப்பு, மென்பொருள், ஆலோசனை போன்ற மேசை வேலைகளுக்கு 2003இல் வந்த வீட்டு அலுவலகத் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். முதலாவதைத் தொடக்கப் படி என்றும் இரண்டாவதை அடுத்த படி என்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன. கேக் செய்பவர் எவ்வளவு வளர்ந்தாலும் வீட்டு அலுவலகத் திட்டத்துக்குள் நுழைய முடியாது. அவருடைய தொழிலுக்கு அங்கே இடமே இல்லை.

ஆகவே தேர்ந்தெடுக்கும்போது வருமானத்தைவிட ஆள்பலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டு அலுவலகத்தில் வெளியாட்கள் இருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தொழிலில் ஒருவரைக்கூட வைக்க முடியாது. அந்த வீட்டில் குடியிருப்பவர்களே எல்லாவற்றையும் செய்ய வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களை எண்ணிப் பாருங்கள். ஆர்டர் குவிகிறது, முறுக்கு பிழிய இன்னும் இரண்டு கை தேவைப்படுகிறது, எண்ணெய் டின்கள் வாசலுக்கு வெளியே நடைபாதையில் அடுக்கப்படுகின்றன, சரக்கு வேன் அடிக்கடி வந்து நிற்கிறது. சம்பளத்துக்கு வெளியாள், பெரிய அளவில் சரக்குச் சேமிப்பு, ஓயாத வண்டிப் போக்குவரத்து என மூன்று விதிகள் ஒரே வாரத்தில் மீறப்பட்டுவிடும். கேட்டரிங் வீட்டுச் சமையலறையில் அறவே கூடாது. ஆர்டர் அப்படிக் குவியும் நிலையை எட்டுவோம் என்று தெரிந்தவர் தொடக்கத்திலேயே உரிமம் பெற்ற சமையல்கூடத்தின் வாடகையையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். வீட்டுச் செலவை மட்டும் வைத்து விலை சொல்லிப் பழக்கிவிட்டால், பிறகு வாடிக்கையாளர் ஏற்றத்தை ஏற்கமாட்டார்.

கணக்காளருக்கு இருவர், சமையல்காரருக்கு ஒருவருமில்லையா என்று கேட்கலாம். பொரிக்கும் புகையும் வாசனையும் அடுத்த வீட்டுக்குள் போகும். கணினியில் உட்கார்ந்திருப்பவரால் அந்தத் தொல்லை இல்லை. உணவைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு நியாயமானது என்றே நினைக்கிறேன். தையலுக்கு இதே காரணம் பொருந்தவில்லை. இன்னொரு தையல் இயந்திரத்தின் முன் ஓர் உதவியாள் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன கெட்டுவிடும்? அங்கே விதி தளர வேண்டும். தளரும் வரை, உதவியாள் இல்லாமல் நடக்காத தையல் தொழிலுக்குக் கடைதான் வழி.

யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். முன் அனுமதி தேவையில்லை என்பதால் விதி இல்லாமல் போவதில்லை. அண்டைவீட்டார் ஒருவர் புகார் கொடுத்தாலே போதும், விசாரணை வரும். புகார் இல்லாமலும் தொழில் நிற்கக்கூடும்: 2020 ஏப்ரலில் கொவிட் முடக்கத்தின்போது வீட்டு உணவுத் தொழில்களை அரசு நிறுத்தச் சொன்னது. மே 12 வரை அவை காத்திருக்க நேர்ந்தது. உணவகங்களோ பார்சல் விற்பனையைத் தொடர்ந்தன. உரிமம் இல்லாமல் நடத்தும் வசதிக்கு அந்த விலையும் உண்டு.

துணைப்பாடம் எடுப்பவர்களுக்கு மட்டும் கணக்கு எளிது. ஒரே நேரத்தில் மூன்று மாணவர்களுக்கு மேல் கூடாது. ஆறு பேர் சேர்ந்தால் மூவர் மூவராக இரண்டு வகுப்பாகப் பிரித்து, கூடுதல் நேரத்துக்கான கட்டணத்தைப் பெற்றோரிடம் முதல் மாதமே பேசிவிடுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் வீட்டை விட்டுவிட்டு வகுப்பறைக்கு இடம் தேடுங்கள்.