பார்கோடு: மளிகைக் கடை கேட்டுப் பெற்ற கருவி

கம்ப்யூட்டர் தானாக எதையும் அறியாது. நாம் கொடுத்ததை வைத்துத்தான் கணக்குப் போடும். அப்படிக் கொடுக்க உதவுபவை உள்ளீட்டுக் கருவிகள். அவற்றுள் நம் கல்லாவுக்கு நெருக்கமான பார்கோடு ஸ்கேனரைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

துளை அட்டை முதல் மவுஸ் வரை

1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் என்பவர், அட்டையில் துளையிட்டு விவரங்களை இயந்திரத்துக்குக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த கம்ப்யூட்டர்களும் பல ஆண்டுகள் துளை அட்டையையே நம்பியிருந்தன. பிறகு டைப்ரைட்டரின் எழுத்து வரிசையிலேயே அமைந்த கீபோர்டு நிலைபெற்றது. 1968-இல் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். அலுவலகத்துக்கு இவை போதும். ஆனால் ஆட்கள் வரிசையில் காத்திருக்கும் கடையில் ஒவ்வொன்றாகத் தட்டினால் நேரமாகும், தவறும் நேரும்.

மணலில் போட்ட கோடு

1948-இல் பிலடெல்பியா நகரில் ஓர் உணவுப்பொருள் கடைத்தொடரின் தலைவர், டிரெக்சல் கல்வி நிறுவனத்தை அணுகினார். கல்லாவில் சரக்கின் விவரத்தைத் தானாகப் படிக்க வழி உண்டா என்பது அவர் கேள்வி. அது பெர்னார்ட் சில்வர் என்ற மாணவரின் காதில் விழுந்தது. அவர் தம் நண்பர் ஜோசப் வுட்லாண்டிடம் சொன்னார். தந்தியில் பயன்படும் மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் நினைத்தபடி, மியாமி கடற்கரை மணலில் வுட்லாண்ட் விரல்களை இழுத்தார். மெல்லியதும் தடித்ததுமான கோடுகள் உருவாயின. 1952-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதைப் படிக்க மலிவான லேசரும் சிறிய கம்ப்யூட்டரும் அன்று இல்லை.

1973-இல் அமெரிக்க மளிகைத் துறையினர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த குறியீட்டை ஏற்றனர். 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊர்க் கடையொன்றில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது. அது 67 சென்ட் விலையுள்ள சூயிங்கம் பாக்கெட்!

அது வேலை செய்யும் விதம்

ஸ்கேனரின் ஒளியைக் கறுப்புக் கோடு விழுங்கும்; வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். அந்த வேறுபாடே எண்களாக மாறுகிறது. பெரும்பாலான ஸ்கேனர்கள், கீபோர்டில் தட்டியது போலவே அந்த எண்ணைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன.

நம் கடைச் சரக்குகளில் பெரும்பாலும் 13 இலக்க எண் இருக்கும். 890 என்று தொடங்கினால், அந்த எண் இந்தியாவிலுள்ள அமைப்பின் மூலம் வழங்கப்பட்டது என்றுதான் பொருள். சரக்கு இங்கேதான் தயாரானது என்பதற்கு அது சான்று ஆகாது.

கடைசி இலக்கம் காவல்காரன். 8901234567012 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 20. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டல் 26; அதை 3 ஆல் பெருக்க 78. இரண்டும் சேர்ந்து 98. அடுத்த முழுப் பத்தான 100-க்கு 2 குறைகிறது. அந்த 2 தான் கடைசி இலக்கம். கோடு கசங்கி, எண்ணைக் கையால் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினாலும் இக்கணக்கு ஒத்துவராது. கம்ப்யூட்டர் ஏற்க மறுக்கும்.

காவல்காரன் காக்காதது

பார்கோடில் விலை கிடையாது! அது சரக்கின் அடையாள எண் மட்டுமே. விலை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை ஏற்றியவர் நீங்களோ உங்கள் கடைப் பையனோதான். கம்பெனி எம்.ஆர்.பி.யைக் குறைத்துப் புதுச் சரக்கு அனுப்பும்போது பார்கோடு மாறாமலே இருக்கலாம். கம்ப்யூட்டரில் பழைய விலை கிடந்தால், அச்சிட்ட விலைக்கு மேல் பில் விழும். அது சட்டப்படி குற்றம். அதைவிட, பல வருடங்களாக வரும் வாடிக்கையாளர் வீட்டில் போய் பில்லைப் பார்த்து மனம் கசந்தால், அந்த நம்பிக்கையை எந்தக் கருவியாலும் மீட்டுத் தர முடியாது.

ஆகவே மூன்று பழக்கங்கள் வேண்டும். சரக்கு இறங்கியதும், அடுக்குவதற்கு முன்பே எம்.ஆர்.பி.யைக் கம்ப்யூட்டரோடு ஒத்துப் பாருங்கள். பழைய விலைச் சரக்கும் புதிய விலைச் சரக்கும் இருந்தால் தனித்தனியே பதியுங்கள். வாரம் ஒருமுறை பத்துப் பொருள்களை நீங்களே ஸ்கேன் செய்து சரிபாருங்கள்.

கருவி எண்ணைத் தவறாமல் படிக்கும். விலையைத் தவறாமல் எழுதுவது நம் கடமை.