திண்டுக்கல் கோட்டையும் நம் ஊர்ப் பழஞ்சுவர்களும்

திண்டுக்கல் சந்தைக்கு வரும் உழவர் எத்திசையினின்று வந்தாலும் முதலில் கண்ணிற்படுவது அம்மொட்டைப் பாறையே. திண்டு போன்ற கல் என்பதாலேயே ஊருக்கு இப்பெயர் என்பர். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட இச்சமவெளி, கொங்கு நாட்டினின்று மதுரைக்குச் செல்லும் வழியாகும். அவ்வழியைக் காக்கும் பொருட்டு, மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ஆம் ஆண்டளவில் இப்பாறைமேல் கோட்டை அமைத்தார். 1755-இல் மைசூர் அரசின் பௌஜ்தாராக ஹைதர் அலி இங்கு வந்தமர்ந்தார். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இது ஆங்கிலக் கம்பெனியின் வசமாயிற்று.

போர்க்கதைகளைப் பலரும் அறிவர். உழவர் கண்கொண்டு பார்க்க வேண்டியது நீர் ஏற்பாட்டையே. பாறையில் விழும் மழை உள்ளே ஊறாது, வழிந்தோடிவிடும். அதனை உச்சியிலேயே சுனைகளில் தேக்கினர். முற்றுகைக் காலத்தில் வெளியிலிருந்து ஒரு குடம் நீரும் வாராது. ஆதலின் மதிலைப் போலவே சுனையும் ஓர் அரண் ஆயிற்று. சுனை தூர்ந்தால் எத்துணை உயர்ந்த மதிலும் பயன்படாது என்பதை, கண்மாய் தூர்ந்து துன்புற்ற நம் ஊரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எல்லா அரண்மனைகட்கும் இக்கோட்டைக்குக் கிடைத்த வாழ்வு கிட்டவில்லை. திருமலை நாயக்கர் மதுரையில் 1636-இல் எழுப்பிய அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது. அவர் பேரன் சொக்கநாதர் காலத்திலேயே அதனைப் பெயர்த்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு சென்றனர் என்பர். எஞ்சிய பகுதியைப் பின்னர்ச் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். பகைவரின் பீரங்கியினும் சொந்தக்காரரின் கடப்பாறையே கட்டடங்கட்குக் கொடிது போலும்!

நம் கிராமங்களிலும் பழைய மண்டபம், கல் கிணறு, தெப்பக்குளம், சாவடி ஆகியன உள. அவற்றைப் பழுது பார்க்க முனையும் பஞ்சாயத்து அங்கத்தினர் இரண்டைக் கவனித்தல் நலம். பறவை எச்சத்தால் சுவரில் முளைக்கும் ஆல், அரசங் கன்றுகளை இளமையிலேயே அகற்றிவிட வேண்டும். வேர் பருத்தபின் பிடுங்கினால் சுவரும் உடன் வரும். மற்றொன்று, சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர்மேல் சிமெண்டு பூசலாகாது. சுண்ணாம்பு உள்ளீரத்தை வெளிவிடும். சிமெண்டு அதனை அடைத்து வைக்கும். சில பருவங்களில் உள்ளிருக்கும் செங்கல் பொடிந்து உதிரும். பார்வைக்குப் புதிதாய் இருக்கும் சுவரே முதலில் விழுவதன் காரணம் இதுவே.

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்ப 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடை விதிக்கிறது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம். உழும்போது பழங்காசோ பொற்பொருளோ கிடைப்பின், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். கண்டெடுத்தவர்க்கு உரிய பங்கிற்கும் அச்சட்டத்திலேயே வழி வகுக்கப்பட்டுள்ளது. மறைப்பவரோ அதனை இழப்பர்.