பழைய மடக்குக் கத்தி: எந்த ஊர், எதற்கு?

பரணில் கிடைத்த பழைய மடக்குக் கத்தியை எடுத்தவுடன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு முத்திரையும் போய்விடும். பஞ்சில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியை மெதுவாகத் துடையுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியே பாருங்கள். செய்தவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும். ஷெஃபீல்டு என்றால் இங்கிலாந்து, சோலிங்கன் என்றால் ஜெர்மனி. 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலத்தது. அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து, அநேகமாக ராணுவத்துடையது.

எதற்கானது என்பதைத் துணைக்கருவி சொல்லும். தடித்த கூர்முள், கயிற்று முடிச்சைப் பிரிக்க மாலுமிகளுக்குத் தேவைப்பட்டது. வளைந்த கொக்கி, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க. பிடியின் முனையில் மழுங்கிய தட்டை நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதா? உடைந்த அலகு என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது மொட்டு ஒட்டுக் கட்டும் தோட்டக்காரரின் கத்தி. ரோஜாச் செடியின் தண்டில் 'T' வடிவில் கீறி, பட்டை கிழியாமல் நெம்பித் திறந்து, மொட்டைச் செருகவே அந்த நாக்கு. எவ்வளவு நுணுக்கமான யோசனை!

கொம்பு, எலும்புப் பிடிகளைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, வெடித்துவிடும்.